பள்ளிக் கணினி அறையில் லிப்ரே ஆபிஸ்: சேலம் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு விளக்கம்

[திரையில்: ஏற்காடு மலைப்பாதை, தொடர்ந்து ஒரு பள்ளியின் கணினி அறை]

வணக்கம். ஏற்காட்டுப் பள்ளியொன்றில் தட்டச்சு செய்த வினாத்தாளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மலையிறங்கி, சேலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளைப் பள்ளியில் பயன்படுத்துவது பற்றியும், அதில் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் முறை பற்றியும் இக்காணொளியில் பார்ப்போம்.

ஓப்பன் ஆபிஸ் என்னும் மற்றொரு கட்டற்ற அலுவலக மென்பொருளிலிருந்து 2010ஆம் ஆண்டு பிரிந்து வளர்ந்தது லிப்ரே ஆபிஸ். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல் ஓப்பன் ஆபிஸின் ரைட்டர் (ஆவணம்), கால்க் (விரிதாள்), இம்ப்ரெஸ் (காட்சியளிப்பு) ஆகியவற்றையே கற்பிப்பதால், மாணவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

விலையில்லை என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் நிறுவிய அதே மென்பொருளை மாணவர் தம் வீட்டுக் கணினியிலும் முறைப்படி நிறுவிக்கொள்ள உரிமம் இடமளிக்கிறது. ஒருமுறை பதிவிறக்கிய நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பயன்படுத்துவதற்குக் கணக்கும் வேண்டாம், இணைய இணைப்பும் வேண்டாம். சிக்னல் நிலையாகக் கிடைக்காத மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கே பணிபுரிவோர் அறிவர்.

[திரையில்: ரைட்டரில் ஒரு தமிழ் வினாத்தாள்]

இனி தமிழுக்கு வருவோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும். இது எந்த அலுவலக மென்பொருளிலும் நேரும். தமிழ்99 விசைப்பலகையில், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடு முறையில் தட்டச்சு செய்வதே இதற்கு நிலையான தீர்வு.

ரைட்டரில் புதியவர்கள் தடுமாறும் இடம் மற்றொன்று. இம்மென்பொருள் தமிழை ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’, அதாவது எழுத்துகள் இணைந்து வடிவம் மாறும் மொழிகள், என்ற வகையில் வைத்து, ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துருவையும் அளவையும் தனித்தனியே நினைவில் கொள்கிறது. ‘டூல்ஸ்’ மெனுவின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில், மொழி அமைப்புகளுக்குள் அதைச் செயல்படுத்தித் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கேள்வி ஓர் அளவிலும் அதிலுள்ள ஆங்கிலச் சொல் வேறோர் அளவிலும் நிற்கும் தொல்லையைச் சரிசெய்ய வழி கிடைக்கும். கடைக்கு அச்சிடக் கொண்டுபோகும் கோப்பை மட்டும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். எழுத்துரு அதனுள்ளேயே பொதிந்து செல்லும்.

[திரையில்: கால்க் விரிதாள்]

கால்க் கற்பிக்க நம் மாவட்டத்திலேயே நல்ல தரவு இருக்கிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. தேதி ஒரு நெடுவரிசையிலும் மட்டம் அடுத்ததிலும் இருக்கட்டும். அணையின் முழு நீர்மட்டமான 120 அடியிலிருந்து அதைக் கழிக்கும் வாய்பாட்டை மூன்றாவதில் எழுதச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரைபடம் போடச் செய்யுங்கள். கற்பனை மதிப்பெண் பட்டியலை நிரப்பிப் பழகுவதைவிட, மழை பெய்ததும் கோடு ஏறுவதைக் கண்ட மாணவருக்கு வாய்பாடு மனத்தில் பதியும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மேக்ரோக்களுடன், அதாவது தாமாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகளுடன், வரும் எக்செல் படிவங்கள் கால்கில் சில வேளை சரிவர இயங்குவதில்லை. பெட்டிகளும் படங்களும் நெருக்கமாக அமைந்த வேர்டு கோப்புகளில் பக்க அமைப்பு சற்று நகரக்கூடும். எனவே அலுவலகப் படிவங்களுக்கு இப்போதுள்ள மென்பொருளை ஒரு கணினியில் வைத்துக்கொண்டு, வினாத்தாளையும் மாணவர் பயிற்சியையும் முதலில் லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுங்கள்.