செம்பருத்தி ஏன் பூக்க மறுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். செம்பருத்தி வளர்ப்பைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் சுங்கை சிப்பூட் ஊரில் இருக்கும் என் அக்காள் சிரித்துவிட்டாள். "குச்சியை ஒடித்து ஊன்றினால் தானாக வருமே, அதற்கு எதற்கடி ஓர் உரை?"

வரும். ஆனால் செடி வருவது வேறு, பூப்பது வேறு.

ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டு வேலியே செம்பருத்திதான். விடிந்ததும் கூடை எடுத்துக்கொண்டு போனால் மாரியம்மனுக்கு வேண்டிய பூ கிடைத்துவிடும். யாரும் உரம் போட்டதில்லை. பிறகு தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து, அதே வேலியிலிருந்து ஒடித்து வந்த குச்சியை வாசல் கூரையோரம் நட்டேன். ஆள் உயரம் வளர்ந்தது. இலை பச்சைப் பசேலென்று இருந்தது. பூவோ மாதத்துக்கு ஒன்று. யூரியாவை அள்ளிப் போட்டேன். இலைதான் இன்னும் பெருத்தது.

யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. லயத்து வேலிக்கு நாள் முழுக்க வெயில். வழியை மறைக்கிறதென்று அப்பா அடிக்கடி பாராங்கத்தியால் வெட்டுவார். மிச்சத்தை ஆடு கடிக்கும். செம்பருத்தி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். கிளைகளை வெட்டிவிடும் வேலைக்குக் கவாத்து என்ற சொல்லே தெரியாமல் எங்கள் வீட்டில் கவாத்து நடந்திருக்கிறது!

குச்சி எடுக்கும்போது இளம்பச்சைத் தண்டும் வேண்டாம், கிழட்டுக் கட்டையும் வேண்டாம். பென்சில் பருமனில் ஒரு சாண் நீளம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, உச்சியில் இரண்டை மட்டும் வைத்து அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேர் இல்லாத குச்சி முழு இலைக்கு எப்படித் தண்ணீர் கொடுக்கும்? மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிழலில் வையுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், மூன்று குச்சிகள் போயின.

பிறகு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நம் ஊர் மழைக்குக் களிமண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மண்ணைச் சற்று மேடாக்கி நடுவது நல்லது. தண்டில் எறும்பு ஊர்ந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சுபோல் மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

மலாயில் புங்கா ராயா எனப்படும் செம்பருத்தி நம் மலேசியாவின் தேசிய மலரானது 1960இல். அதன் ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டின் ஐந்து கோட்பாடுகள் என்று பள்ளியில் படித்தோம். ருக்குன் நெகாரா வந்ததோ 1970இல். மலர் பத்து ஆண்டுகள் முந்திக்கொண்டது! இன்று ஐம்பது சென் காசிலும் அது இருக்கிறது.

அக்காள் வீட்டுச் செடியில் மட்டும் பூ இல்லை. கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் நிற்கிறது. இரண்டு முறை சொல்லிவிட்டேன்.