எட்டு மைலுக்கு ஓர் ஊர்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்பாதி பெரும்பாலும் புல்வெளிச் சமவெளி. அங்கே பழைய இருப்புப்பாதையை ஒட்டிப் போனால் எட்டு மைலுக்கோ பத்து மைலுக்கோ ஓர் ஊர் வரும். அல்லது ஊர் இருந்த இடம் வரும். பெரும்பாலான இடங்களில் ஆற்றங்கரையோ பழைய வணிகப் பாதையோ கிடையாது. பிறகு எதற்காக அங்கே ஊர் எழுந்தது? கோதுமை மூட்டைகளோடு காலையில் குதிரை வண்டியில் புறப்படும் உழவர், ரயில் நிலையத்தில் சரக்கை இறக்கிவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அந்தத் தொலைவைக் கணக்கிட்டு நிலையங்கள் வைத்தார்கள். ரயில் கம்பெனிகளே ஊருக்கு மனை போட்டு விற்றன, பெயரும் வைத்தன. கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி தன் பாதை நெடுக ஆங்கில அகரவரிசைப்படி பெயர் சூட்டிக்கொண்டே போனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிற்றூர்கள் தேய்வது காலத்தின் போக்கு, யார் என்ன செய்ய முடியும் என்று பலரும் பேசுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இந்த ஊர்களை உண்டாக்கியவை சில அலுவலகங்களில் எடுத்த முடிவுகள். பின்னால் இவற்றை வெறுமையாக்கியவையும் அப்படிப்பட்ட முடிவுகளே. நடுவில் ஊரார் தாங்களே முடிவெடுத்த ஒரு காலமும் இருந்தது. எனக்கு அந்தக் காலம்தான் முக்கியம்.

நிலம் யாருடையது என்பதைத் தாண்டிவிட்டுப் பேச முடியாது. அது கிரீ, சோட்டோ, நகோடா மக்கள் வாழ்ந்த மண். நிலம் குறித்து அரசு அவர்களோடு 1874இல் நான்காம் ஒப்பந்தமும் 1876இல் ஆறாம் ஒப்பந்தமும் செய்தது. காட்டெருமை அழிந்து மக்கள் பட்டினி கிடந்தபோது, ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குப் போகும்வரை உணவு தர மறுத்தது அரசு. அங்கே போய் உழுது பயிரிட்டவர்களும் விளைந்ததை விற்க அரசு முகவரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதே நாட்களில், 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேற வந்தவர்களுக்குப் பத்து டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் கிடைத்தது. இந்தச் சமவெளியின் செழிப்பைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊர் என்றால் முதலில் கண்ணில் படுவது எலிவேட்டர். தானியத்தை எடைபோட்டு, தரம் பிரித்து, மேலே ஏற்றிச் சேமித்து, ரயில் பெட்டியில் கொட்டும் மரக்கோபுரம். பல மைல் தொலைவிலிருந்தே தெரியும். 1930களில் மூன்று சமவெளி மாகாணங்களிலும் சேர்த்து 5,700க்கு மேல் இருந்தன. தொடக்கத்தில் அவை தனியார் கையில் இருந்தன. எடையிலும் தரத்திலும் ஏமாற்றுகிறார்கள் என்பது உழவர்களின் தீராத மனக்குறை. ஆகவே 1924இல் அவர்களே சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டுறவைத் தொடங்கி, சொந்த எலிவேட்டர்கள் வைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமும் இவ்வாறே வந்தது. வருமானம் போதாமல் டாக்டர் ஊரைவிட்டுப் போய்விடுவாரோ என்ற நிலை வந்தபோது, 1914இல் சார்னியா என்னும் ஊராட்சி வரிப்பணத்திலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொண்டது. மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றின. 1946இல் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரம் முழுவதற்கும் பொது மருத்துவத் திட்டம் வந்தது. 1947இல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு. 1962இல் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தபோது டாக்டர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். திட்டம் நிலைத்தது, பின்னர் நாடு முழுவதும் பரவியது. முதலமைச்சராக இருந்த டாமி டக்ளஸின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது நியாயமே. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊராட்சிக் கூட்டங்களில் வரிக்குக் கை தூக்கிய உழவர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

இனி முறிவு. கனடியன் பசிபிக் ரயில்வேயோடு அரசு 1897இல் செய்த ஒப்பந்தப்படி தானியத்துக்கான ரயில் கட்டணம் தாழ்வாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1983இல் அது மாறியது. 1995இல் அரசு மானியமும் நின்றது. ரயில் கம்பெனிகள் கிளைப்பாதைகளைப் பெயர்த்தெடுத்தன. தானியக் கம்பெனிகள் மர எலிவேட்டர்களை இடித்துவிட்டு, நூறு பெட்டிகளுக்கு மேல் ஒரே தடவையில் நிரப்பும் கான்கிரீட் முனையங்களைத் தொலைவில் கட்டின. எலிவேட்டர் போனால் ஊராட்சியின் பெரிய வரிதாரர் போய்விடுகிறார். தானியம் போட வந்த உழவர் அப்படியே கடைக்கும் வங்கிக்கும் போவதும் நின்றது. கனரக லாரிகள் உடைத்த மண்சாலைகளைச் செப்பனிடும் செலவு உள்ளூர் மக்களின் தலையில் விழுந்தது. கம்பெனியின் கணக்கில் அது மிச்சம், ஊரின் கணக்கில் நஷ்டம்.

கோதுமைக் கூட்டுறவு என்ன ஆனது? 1996இல் அதன் பங்குகள் பங்குச்சந்தைக்குப் போயின. கடன் ஏறியது. 2007இல் பெயர் விட்டெரா ஆயிற்று. 2012இல் அதைக் கிளென்கோர் என்னும் பன்னாட்டு வணிக நிறுவனம் வாங்கியது. 2025இல் பங்கி நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. உழவர்கள் பணம் போட்டு எழுப்பிய அமைப்பு, மூன்று தலைமுறைக்குள் உலகச் சந்தையின் ஒரு துண்டாக முடிந்தது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

1936இல் இம்மாகாணத்தில் 1,42,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. சராசரிப் பண்ணை 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது. விளைச்சல் குறையவில்லை, ஆட்கள்தான் குறைந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளி மூடியது. 1993இல் மாகாணம் கடனில் மூழ்கும் நிலையில் 52 கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன அல்லது வேறு வகை நிலையங்களாக மாற்றப்பட்டன. செய்தது டக்ளஸ் கட்சியின் வழிவந்த அரசு. 1946 முதல் ஓடிய அரசு பஸ் சேவை 2017 மே மாதம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே தனியார் பஸ்ஸும் மேற்குக் கனடாவை விட்டுப் போனது. கார் ஓட்ட முடியாத மூதாட்டி புற்றுநோய்ச் சிகிச்சைக்கு சாஸ்கடூன் நகருக்கு எப்படிப் போவார்? பஸ்ஸை நிறுத்தியவர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

நம் அடுப்படிக்கும் இதற்கும் உள்ள உறவையும் சொல்கிறேன். 1970 வாக்கில் கோதுமை விற்காமல் தேங்கிக் கிடந்தது. மாற்றுப் பயிர் தேடி, சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் 1972இல் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானியை அழைத்து வந்தது. 1978இல் அவர் வெளியிட்ட லேர்ட் என்னும் மைசூர் பருப்பு ரகம் பரவியது. வெறுமனே தரிசு போட்டிருந்த நிலத்தில் பருப்பு விளைந்தது. அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தையும் தந்தது. இன்று உலகில் மைசூர் பருப்பை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதில் பெரும்பங்கு இந்த மாகாணத்தில் விளைகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம் பருப்புக்கு மாற்றாகக் கொடுத்த கனடா மஞ்சள் பருப்பை நம்மில் பலர் சமைத்திருக்கிறோம். இலங்கை வீடுகளின் பருப்புக் கறியிலும் கனடாப் பருப்பு உண்டு.

உறவு என்றால் அடியும் சேர்ந்துதான். 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 விழுக்காடு வரி போட்டது. அடுத்த மாதம் மைசூர் பருப்புக்கு 30 விழுக்காடு. நம் உழவர்களுக்கு விலை கிடைக்க வேண்டுமென்று எடுத்த முடிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே விலை சரிந்தபோது டிராக்டர் கடையிலும் உணவகத்திலும் வியாபாரம் படுத்தது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு வரி விலக்கு வந்தது. 2025 நவம்பரில் 30 விழுக்காடு வரி திரும்பியது. 2025 மார்ச்சில் சீனாவும் கனடாப் பட்டாணிக்கு நூறு விழுக்காடு வரி விதித்தது. சில நூறு பேர் வாழும் ஊரின் ஆண்டு வருமானத்தை டெல்லியும் பெய்ஜிங்கும் தீர்மானிக்கின்றன.

அப்படியும் பல ஊர்கள் சாகவில்லை. ஊராருக்குச் சொந்தமான கூட்டுறவுக் கடையும் கடன் சங்கமும் பல ஊர்களில் இன்னும் திறந்திருக்கின்றன. பனிச்சறுக்கு அரங்கம் ஊராரின் உழைப்பில் ஓடுகிறது. டிக்கெட் கிழிப்பவரும் பனித்தளத்தைச் சீராக்குபவரும் சிற்றுண்டிச்சாலையில் நிற்பவரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். அறுவடை முடிந்ததும் ஊர் மண்டபத்தில் பெருவிருந்து. வான்கோழி, உக்ரேனியர் கொண்டுவந்த பெரோகி, முட்டைக்கோசு இலைச் சுருள் எல்லாம் இருக்கும். அந்த வசூல் மண்டபத்தின் செலவுக்குப் போகும். முன்பு ஊருக்கு ஒரு சீனர் உணவகம் இருந்ததையும் மறக்கக் கூடாது. வெள்ளைப் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1912இல் அவர்களுக்கு எதிராகச் சட்டம் போட்ட மாகாணத்தில்தான் அவர்கள் விடியற்காலையில் எழுந்து ஊருக்குச் சமைத்துப் போட்டார்கள்.

தொழிலும் முளைத்திருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத செயின்ட் பிரியூவில் போர்கோ நிறுவனம் விதைப்பு இயந்திரங்கள் செய்து, சுற்று வட்டாரத்தில் பல நூறு பேருக்கு வேலை கொடுக்கிறது. அண்மையில் அதை ஒன்டாரியோவின் லினாமர் நிறுவனம் வாங்கிவிட்டது. வேலை அங்கேயே நிற்குமா என்பதுதான் என் கவலை.

கடைசியாக ஷானவன் என்னும் ஊர். கைவிடப்பட இருந்த கிளைப்பாதைகளில் ஓடும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 2004இல் அந்த வட்டாரத்து மக்களே பணம் திரட்டி வாங்கினார்கள். அங்கே உழவர் பெரிய கம்பெனியை நாடாமல், தானே ஒரு ரயில் பெட்டி கேட்டுத் தன் தானியத்தை ஏற்றி அனுப்ப முடிகிறது. இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1902இல் சின்டலூடா என்னும் சிற்றூரின் உழவர்கள், பெட்டிகளை முறைப்படி பங்கிடாத கனடியன் பசிபிக் ரயில்வேயின் நிலைய முகவர்மீது வழக்குப் போட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய கம்பெனியை எதிர்த்து நின்று வென்றார்கள். மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. உழவர் தானே பெட்டி கேட்கும் அந்த உரிமை கனடா தானியச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. கிளைப்பாதைகளை மீட்ட ஊர்கள் அதை வைத்துக்கொண்டுதான் சரக்கு அனுப்புகின்றன.

நன்றி, வணக்கம்.