ஒரே செம்பு, ரெண்டு கலர்: ஸ்டோன்வேர் கிளேஸ் எப்படி வேலை செய்யுது?

(ரெண்டு கப்பை கேமராகிட்ட கொண்டு வந்து)

பாருங்க, ஒண்ணு வெளிர் பச்சை, ஒண்ணு ரத்தச் சிவப்பு. ரெண்டுலயும் மேல பூசியிருக்கற பளபளப்பான பூச்சு, அதாவது கிளேஸ், ஒண்ணுதான், ரெண்டுக்கும் கலர் குடுக்கறது செம்புங்கற உலோகம்தான். சூளைக்குள்ள காத்து தாராளமா போனா பச்சை, காத்தைக் குறைச்சுட்டா நெருப்பு தனக்கு வேணுங்கற ஆக்சிஜனை கிளேஸ்ல இருந்தே உருவிக்கும், அப்ப அதே செம்பு சிவப்பா மாறிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவே இல்லங்க.

நம்ம மண் பானை லேசா கசியும், அதனாலதான் தண்ணி ஜில்லுனு இருக்கு. ஸ்டோன்வேர் வேற, 1200ல இருந்து 1300 டிகிரி வரைக்கும் சுடறதால மண்ணே கல்லு மாதிரி இறுகிடும். மேல இருக்கற கிளேஸும் பெயிண்ட் கிடையாது, உருகி ஒட்டின கண்ணாடி. சிலிக்கா, ஃபெல்ட்ஸ்பார்ங்கற பாறைப் பொடி, கொஞ்சம் களிமண், சுண்ணாம்பு இல்லன்னா விறகுச் சாம்பல், அவ்வளவுதான். கலருக்கு உலோகம். 100 கிராம் கிளேஸ் பொடிக்கு கோபால்ட் கார்பனேட் 1 கிராம் போதும், பொடியா பார்த்தா ஊதா மாதிரி இருக்கும், வெந்து வந்தா கடும் நீலம்.

பாண்டிச்சேரியில 1971ல டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிய ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ஆரோவில் பக்கம் இவ்ளோ ஸ்டுடியோ இருக்குன்னா அது போட்ட விதைதான்.

(படகுப் போட்டோ)

சரி, ஐடியா எங்கருந்து வருதுன்னு நிறைய பேர் கேக்கறீங்க. எனக்கு தேங்காய்த்திட்டு துறைமுகத்துல வந்துச்சு. கரையில ஏத்தி வச்ச ஒரு பழைய படகு, மஞ்ச பெயிண்ட் உரிஞ்சு அடியில நீலம், அதுக்கும் அடியில துரு. அந்த மூணும் சேர்ற ஓரம் இருக்கே, அத விட்டு கண்ணு நகரவே மாட்டேங்குது. வீட்டுக்கு வந்து இரும்பு கிளேஸ் மேல கோபால்ட் கிளேஸ ஊத்தி சுட்டேன். அடியில தடிமனா போயிடுச்சு போல, வழிஞ்சு சூளைத் தட்டோட ஒட்டிக்கிச்சு, சுத்தியலால தட்டித்தான் எடுத்தேன், கப்பு போச்சு. ஆனா உடைஞ்ச துண்டுல, ரெண்டு கிளேஸும் கலந்த இடத்துல, அந்தப் படகோட ஓரம் அப்படியே இருந்துச்சு!

அதனால முதல்ல கப்புல போடாதீங்க, சின்ன டைல்ல போட்டுப் பாருங்க, டைல நிக்க வச்சு சுடுங்க, எவ்ளோ வழியுதுன்னு அப்பதான் தெரியும். பின்னாடி நம்பர் எழுதிடுங்க. கப்புக்கு வரும்போது அடியில ஒரு விரல் அகலத்துக்கு கிளேஸ ஈர ஸ்பாஞ்சால துடைச்சுட்டு சூளையில வைங்க.

(அந்த உடைஞ்ச துண்டு, குளோசப்)