தோற்ற தட்டுக்கும் ஒரு வரி

(கிராமக் கண்காட்சியின் விளைபொருள், வீட்டு பேக்கிங் போட்டிகளுக்கான பரிசளிப்பு அரங்கில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, விடிவதற்குள் வந்து மேசைக்கு மேசை வெள்ளைத் தாள் விரித்த பொறுப்பாளர்களே, காலையிலிருந்து முப்பது கேக்கில் விள்ளல் விள்ளலாகத் தின்றுவிட்டு மதியச் சாப்பாட்டைக் கண்டாலே முகம் திருப்பும் நடுவர்களே, கால்நடைக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களே, பரிசுக் கோப்பைகளைப் புளி போட்டுத் துலக்கியது போலப் பளபளக்க வைத்திருக்கும் பொருளாளர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தடவை பந்தல்காரரை விட்டுவிட்டேன். இந்த ஆண்டு எனக்கு மட்டும் மைக் இடுப்பளவில் நிற்கிறது. ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். எந்தப் பிரிவில் எதை, எத்தனை வைக்க வேண்டும் என்று சொல்லும் போட்டி அட்டவணையை எப்படிப் படிப்பது, நடுவர் எதைப் பார்க்கிறார், சிறுவர் பிரிவில் தட்டுகள் ஏன் குறைகின்றன. தலைவர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். சீக்கிரம் முடிக்கிறேன்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது." முன்வரிசையில் சிரிக்கிறார்கள். நான் பேச வந்தால் இந்தப் பழமொழி கூட வரும் என்று தெரிந்தவர்கள். ஆனால் இந்தக் கூடாரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? ஐந்து கேரட் வைக்க ஒரு பாத்தி முழுக்க விதைக்கிறோம். பிடுங்கியதில் பாதி கிளை விட்டிருக்கும், மிச்சத்தில் பாதி தோள்பட்டை பச்சையடித்திருக்கும். ஒரு கேக் வைக்க மூன்று கேக் சுடுகிறோம். பரிசுத் தொகை வந்தால் நுழைவுக் கட்டணத்துக்குச் சரியாகப் போகும். அப்புறம் எதற்கு வருகிறோம், ரிப்பனுக்கா? அமெரிக்காவில் நீல ரிப்பன் முதல் பரிசு. எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போனால் சிவப்புதான் முதல், நீலம் இரண்டாவது. பிரிட்டனிலும் அப்படியே. ஒரே நீல ரிப்பன், இந்தப் பக்கம் மாலை, அந்தப் பக்கம் 'பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்'. ரிப்பனின் பெருமை அவ்வளவுதான்.

முதல் விஷயம் அட்டவணை. ஐந்து என்று போட்டிருந்தால் ஐந்து. ஆறு வைத்தால் அதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தள்ளிவிடுவார்கள். ஆங்கிலேயர் கண்காட்சிகளில் இதற்கு மூன்றெழுத்து வைத்திருக்கிறார்கள்: என்.ஏ.எஸ். 'அட்டவணைப்படி இல்லை.' அந்தச் சீட்டு விழுந்த தட்டை யாரும் ருசிகூடப் பார்ப்பதில்லை. அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, நடுவர் எதைப் பார்க்கிறார். வெங்காயம் என்றால் தலை பெருத்தது ஜெயிக்கும் என்று நினைக்கிறோம். தேங்காய் அளவில் ஒன்றும் எலுமிச்சை அளவில் நாலும் வைத்த தட்டை, நடுத்தரமாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஐந்து வைத்த தட்டு தோற்கடித்துவிடும். ஒன்றுபோல் ஒன்று இருக்க வேண்டும், அதுதான் பெரிய வித்தை. பட்டாணிக் காயின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு ஒன்று இருக்கும். காயை விரலால் துடைத்தால் அது போய்விடும், அதனால் காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தக்காளிக்குத் தலையில் பச்சைக் காம்பு வாடாமல் இருக்க வேண்டும். முட்டையில் ஒன்றைத் தட்டில் உடைத்து ஊற்றிப் பார்ப்பார்கள். மஞ்சள் கரு குன்றுபோல் எழும்பி நிற்க வேண்டும், சுற்றிலும் வெள்ளை கெட்டியாக அதைத் தாங்க வேண்டும். தண்ணீராக ஓடினால் கோழியின் பெருமையும் கூடவே ஓடியது. ரொட்டியைத் திருப்பி அடியில் விரல் கணுவால் தட்டுவார்கள். காலிக் குடத்தைத் தட்டினதுபோல் கேட்டால் உள்ளே வெந்திருக்கிறது. ஜாம் புட்டியின் மூடியில் ஏதோ கம்பெனியின் பெயர் இருந்தால் பல இடங்களில் மதிப்பெண் போச்சு.

இதெல்லாம் நடுவருக்குத் தெரியும். தோற்றவருக்குத் தெரியுமா? இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன்.

கல்யாணமான புதிதில் ஸ்பாஞ்ச் கேக் பிரிவில் அவர் பெயர் கொடுத்தார். முதல் ஆண்டு அந்தக் கேக்கை நான் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போட்டி முடிந்து போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு விள்ளல் எடுத்திருந்தது, பரிசு இல்லை, சீட்டு வெறுமையாக இருந்தது. சரி, கேக் கொஞ்சம் வறண்டிருக்கும் என்று முடிவு செய்தோம். இரண்டாம் ஆண்டு நேரத்தைக் குறைத்தார். விள்ளல், வெறும் சீட்டு. மூன்றாம் ஆண்டு முட்டையை மாற்றினார், சர்க்கரையை மாற்றினார், ஓவனையே மாற்றச் சொன்னார், அந்தச் செலவு என் தலையில் விழுந்தது. விள்ளல், வெறும் சீட்டு. நான்காம் ஆண்டு கேக்கைச் சுட்டுவிட்டு, "நான் வரலை, நீங்களே கொண்டுபோய் வைங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நான் தனியாகக் கொண்டுவந்து வைத்தேன், மாலையில் தனியாக எடுக்கப் போனேன்.

அப்போது மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கேக்கை உற்றுப் பார்த்தார். "தம்பி, சுட்டதை எங்கே ஆற வைக்கிறீங்க?" "கம்பித் தட்டு மேலேதாம்மா, தலைகீழாக் கவிழ்த்து." "அதான். மேலே பாருங்க, கோடு கோடா." பார்த்தேன். நான்கு வருஷமாக என் கண்ணில் படாத கோடுகள், கைரேகை மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. "கம்பி மேலே ஒரு துணியை விரிச்சுட்டுக் கவிழ்க்கச் சொல்லுங்க. ருசியிலே ஒரு குறையும் இல்லே." வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவிக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் மறுபடியும் கோபம். ஐந்தாம் ஆண்டு துணி விரித்தார். இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கு? அந்த அம்மாவுக்கு! கைத்தட்டலை அவருக்கே கொடுங்கள்.

நான்கு வருஷம், ஒரு கைக்குட்டை அகலத் துணி. யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் முதல் வருஷமே முடிந்திருக்கும்.

அதனால் இந்த மேடையில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பரிசு பெறாத ஒவ்வொரு தட்டின் சீட்டிலும் நடுவர் ஒரு வரி எழுத வேண்டும். 'கம்பித் தடம்.' 'உள்ளே வேகவில்லை.' 'ஐந்தில் ஒன்று சிறியது.' இரண்டு சொல் போதும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1807இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு ஊர் மைதானத்தில், ஒரு எல்ம் மரத்தடியில் எல்கானா வாட்சன் என்பவர் கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆடுகள் இரண்டைக் கட்டி வைத்தார். அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. இரண்டு ஆட்டுக்கே இவ்வளவு பேர் என்றால் எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நாட்டு ஊர்க் கண்காட்சிகளுக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். அவர் ஆட்டைக் கட்டியது நல்ல கம்பளி எது என்று பக்கத்து விவசாயி தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான். 1897இல் கனடாவின் ஸ்டோனி க்ரீக்கில் முதல் மாதர் இன்ஸ்டிடியூட் என்ற கிராமப் பெண்கள் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்த அடிலெய்டு ஹூட்லெஸ், கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். அசுத்தமான பால்தான் காரணம் என்று சொல்வார்கள். சமையலறை அறிவு வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டியது என்று ஊர் ஊராகப் பேசியவர் அவர். இன்று ஜாமுக்கும் கேக்கிற்கும் நடுவர்களைப் பயிற்றுவித்து அனுப்புவதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் அவர்களுடைய மேசையை வாங்கிக்கொண்டோம், அவர்களுடைய வாயை வாங்கவில்லை.

கிரானி ஸ்மித் ஆப்பிள் எல்லோருக்கும் தெரியும், பச்சையாக, பல் கூசுகிற புளிப்போடு. சிட்னி பக்கம் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்று அது. பாட்டி 1870இல் காலமானார். 1891இல் காசில் ஹில் கண்காட்சியில் சமையல் ஆப்பிள் பிரிவில் அது பரிசு வாங்கியது, பாட்டியின் பெயரோடு. பெயரை எழுதி வைத்தார்கள், பெயர் நின்றது. எழுத்துக்கு அந்த வலு இருக்கிறது. ஆனால் நாம் ஜெயித்தவர் பெயரை மட்டும் எழுதுகிறோம்.

நடுவர்கள் நேரமில்லை என்பார்கள். நியாயம்தான், முப்பது கேக் என்று நானே சொன்னேன். பக்கத்தில் ஒரு எழுத்தரை உட்கார வையுங்கள், நடுவர் வாயால் சொல்லட்டும். டேனிஷ் முறை என்று ஒன்று உண்டு, அமெரிக்காவில் 4-எச் என்ற சிறுவர் மன்றங்களில் நடக்கிறது. ஒரு தட்டை இன்னொரு தட்டோடு மோதவிட மாட்டார்கள். தரம் இதுதான் என்று வைத்துக்கொண்டு, எட்டியவர் எல்லோருக்கும் நீல ரிப்பன். அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை, முதல் பரிசு ஒன்றுதான் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஒரு வரி மட்டும் கேட்கிறேன். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது, சரி. அந்தக் கணக்கில் எந்த வரியில் தப்பு என்றாவது சொல்லிவிடுங்கள்.

தலைவர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். மூன்றாவது விஷயம் சிறுவர் பிரிவு, அதைப் பொறுப்பாளரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். அந்த ஒரு வரியைக் கேட்கும் தீர்மானத் தாளும் பேனாவும் நுழைவாயில் மேசையில், முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போடப் போகிறவர்கள் முட்டையில் இடிக்காமல் போங்கள். நான்கு மணிக்கு முன் யாரும் தட்டை எடுக்கக் கூடாது. என் மனைவியின் கேக் பதினேழாம் எண்ணில் இருக்கிறது. சீட்டை நான் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை. வணக்கம்.