கரண்ட் நாலு நாள் வராதுன்னா வீட்டுல எல்லாரையும் எப்படி உற்சாகமா வச்சுக்கிறது?

வணக்கம் மக்களே! இன்னைக்கு வீடியோ மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் இருக்கிற எல்லாருக்கும். நம்ம பக்கம் லைன் போறதே ரப்பர் தோட்டத்துக்கும் தென்னைக்கும் நடுவுலதான். ஒரு மரம் கம்பி மேல சாய்ஞ்சா ஒரு ஊரே இருட்டு. 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்சப்ப குமரி மாவட்டத்துல ஆயிரக்கணக்குல மின்கம்பம் விழுந்துச்சு, நிறைய ஊருல நாள் கணக்கா கரண்ட் இல்ல. ஆறு மணி நேரம் கரண்ட் போறது வேற, நாலு நாள் போறது வேற. முதல் நாள் போன்ல ஓடிரும். ரெண்டாம் நாள்தான் பிள்ளைங்க சுவரைப் பார்க்க ஆரம்பிப்பாங்க. அந்த ரெண்டாம் நாளுக்குத்தான் இந்த வீடியோ.

முதல்ல ஒரு விஷயம். விளையாட்டை வயசு வச்சுப் பிரிக்காதீங்க, வெளிச்சத்தை வச்சுப் பிரிங்க. கண்ணால பார்த்து ஆடுறதெல்லாம் பகல்ல. காதும் வாயும் மூக்கும் போதும்னு இருக்கிறதெல்லாம் ராத்திரி. நவம்பர் டிசம்பர்ல நமக்கு ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிரும். தூங்குற வரைக்கும் மூணு, மூணரை மணி நேரம் இருட்டு. அதுல ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நல்ல வெளிச்சம் செலவு பண்ணுங்க, மிச்சத்தை இருட்டிலேயே ஓட்டலாம்.

எவ்வளவு பேட்டரி இருக்குன்னு கணக்குப் போட்டுருவோம். 10,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க்னு எழுதியிருக்கும். அது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 5 வோல்ட்டா மாத்தி வெளிய வரும்போது கையில கிடைக்கிறது ஏறக்குறைய 6,000 சொச்சம்தான். போன் பேட்டரியும் 5 வோல்ட்டுக்குக் குறைஞ்ச செல்தான், அதனால 5,000 எம்.ஏ.ஹெச் போனை ஒன்றரை தடவை, நல்ல பவர் பேங்க்னா அதுக்கு மேல கொஞ்சம் ஏத்தலாம், ரெண்டு முழு சார்ஜ் வராது. டவர்லயும் பேட்டரி தீர்ந்து சிக்னல் போயிட்டா, போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுரும். உடனே ஏரோபிளேன் மோடுல போடுங்க. காலையில ஒரு பத்து நிமிஷம், சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் திறந்து பார்த்தா போதும்.

இன்வெர்ட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.ஹெச் பேட்டரியில காகிதக் கணக்குப்படி 1,800 வாட் ஹவர். இன்வெர்ட்டர் தின்னுறது போக, பேட்டரியை முழுசா வறள விடாம எடுத்தா 1,000, 1,100 கிடைக்கும். ரெண்டு சாதா ஃபேன், ஒரு டிவி, ரெண்டு பல்பு ஓடுனா 250 வாட். நாலு மணி நேரத்துல காலி. அப்புறம் அதை ஏத்தக் கரண்ட் இல்ல! அதனால முதல் நாளே டிவியைப் பிளக்கோட உருவிருங்க. பிள்ளைங்க அழுவாங்க, அழட்டும். ஒரு பல்புக்கு மட்டும் அந்த பேட்டரி நாலு நாளும் நிக்கணும்.

இப்ப வெளிச்சம். போன் டார்ச்சை அப்படியே போட்டா கூரையில ஒரு வட்டம் விழும், தரையில ஒண்ணும் தெரியாது. ஒரு செம்புல போனை டார்ச் வெளிப்பக்கம் பார்த்தாப்ல சாய்ச்சு நிறுத்துங்க. டார்ச்சுக்கு முன்னால ஒட்டினாப்ல ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், லேபிளைப் பிய்ச்சுட்டு வைங்க. வெறும் தண்ணியா இருந்தா வெளிச்சம் நேரா அந்தப் பக்கம் போயிரும். அதுல நாலஞ்சு சொட்டு பால் விடுங்க. பால்ல இருக்கிற கொழுப்புத் துளி வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும், பாட்டில் முழுசும் ஒரு விளக்கு மாதிரி ஆயிரும். ஒரு ஸ்பூன் ஊத்திட்டா வெள்ளையா அடைச்சுக்கும், வெளிச்சம் வராது. பாட்டிலை நேரா போன் மேல வைக்காதீங்க. சாய்ஞ்சா போனும் போச்சு.

பகல் விளையாட்டுல நான் முதல்ல சொல்றது பல்லாங்குழி. பலகை இல்லன்னு விட்டுறாதீங்க. முட்டை வாங்குன 30 குழி அட்டை இருக்குல்ல, அதுல ஆறு ஆறா ரெண்டு வரிசை வெட்டிக்கோங்க. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிரட்டை ஓரத்துல வச்சா ஏழு ஏழா பதினாலு குழி. குழிக்கு அஞ்சு, மொத்தம் 70 முத்து. புளியங்கொட்டை போதும். மஞ்சாடி முத்து கிடைச்சா இன்னும் நல்லது, கையில வழுக்கி ஓடும். இங்க ஒரு எச்சரிக்கை, கேமராவுக்குப் பக்கத்துல காட்டுறேன் பாருங்க. இது மஞ்சாடி, முழுசும் ஒரே சிவப்பு, கொஞ்சம் தட்டை. இது குன்றிமணி, சிவப்புல ஒரு கறுப்புக் கண்ணு. குன்றிமணி கடுமையான விஷம், கடிச்சு உடைஞ்சா உயிருக்கே ஆபத்து. பிள்ளைங்க கையில கொடுக்கவே கொடுக்காதீங்க. மஞ்சாடியும் புளியங்கொட்டையும் அந்த மாதிரி கடும் விஷம் இல்லன்னாலும், மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை பக்கத்துல இருந்தா மூக்குல, தொண்டையில போடும். அந்தக் குழந்தையை மடியில வச்சுக்கிட்டு ஆடுங்க.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு: ஒரு குழியை அள்ளி வலம் பார்த்து ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போங்க. கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்க. அடுத்த குழி வெறுங்குழின்னா, அதைத் தடவிட்டு அதுக்கு அடுத்த குழியில உள்ளதும் அதுக்கு எதிர்க்குழியில உள்ளதும் உங்களுக்கு. ரெண்டு வெறுங்குழி அடுத்தடுத்து வந்தா ஆட்டம் எதிராளிக்கு. போட்டுக்கிட்டு வரும்போது ஒரு குழியில நாலு சேர்ந்தா அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கலாம். சின்னப் பிள்ளைங்க பசுவைக் கவனிக்காம விட்டுருவாங்க. பாட்டியைப் பக்கத்துல உட்கார வைங்க, அவங்க கண்ணுல தப்பாது.

தாயம் ஆடுறதா இருந்தா ஒரு கணக்குத் தெரிஞ்சுக்கோங்க. பித்தளைத் தாயக்கட்டையில நாலு பக்கம்: வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு கட்டை உருட்டுனா 16 விதம் விழும். அதுல தாயம், அதாவது ஒண்ணு, ரெண்டே விதம். எட்டு உருட்டுக்கு ஒண்ணுதான். நாலு பேர் ஆடும்போது ஏழு வயசுப் பிள்ளை காயை இறக்க முடியாம அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும், அப்புறம் எழுந்து போயிரும். அதனால பிள்ளைங்களுக்கு மட்டும் அஞ்சு விழுந்தாலும் காய் இறங்கலாம்னு வச்சுக்கோங்க. அஞ்சும் ரெண்டு விதம் விழும், வாய்ப்பு இரட்டிப்பாயிரும். மத்த சட்டத்துல கை வைக்காதீங்க. ஒரு காயாவது வெட்டுனாத்தான் உள்கட்டம், அதை மட்டும் தளர்த்துனா ஆட்டமே சப்புன்னு ஆயிரும்.

சீட்டுன்னா நம்ம எல்லையில இருபத்தெட்டுதான். ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் எடுத்துட்டு 32 சீட்டு, நாலு பேர். ஜாக்கிக்கு மூணு புள்ளி, ஒன்பதுக்கு ரெண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொண்ணு. தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டாம். ஆனா இதைப் பகல்லயே ஆடி முடிங்க. மங்கின வெளிச்சத்துல சிவப்பு கறுத்துப் போய் ஆர்ட்டினும் ஸ்பேடும் ஒண்ணு மாதிரி தெரியும், அங்கதான் சண்டை வரும்.

சாயங்காலம் அந்த ஒரு மணி நேர நல்ல வெளிச்சத்தை எதுக்குச் செலவு பண்ணணும்னு கேட்டா, நிழல் கூத்துக்கு. தோல்பாவைக் கூத்து நம்ம மாவட்டத்துலயே மண்டிகர் குடும்பங்கள் ஆடுற கலை. அந்தப் பக்கம் பாலக்காட்டுல பகவதி கோயில் கூத்துமாடத்துல, அதாவது கூத்துக்குன்னே கட்டுன மேடையில, திரைக்குப் பின்னால 21 விளக்கு வச்சு, கம்பராமாயணப் பாட்டைத் தமிழ்லயே பாடி ஆடுறாங்க. மலையாள நாட்டுல, ராத்திரி முழுக்க! பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிட்டு ஆரம்பிங்க.

திரைக்கு நாலு முழ ஒற்றை வேட்டி. எட்டு முழத்தை மடிச்சுக் கட்டாதீங்க, ரெண்டு அடுக்காகி நிழல் மங்கிரும். கதவு நிலையில மேல கட்டி, அடியில ஒரு கம்பைச் சுருட்டிக் கட்டுங்க. கனம் இல்லன்னா காத்துல ஆடும், ராமனும் சேர்ந்து ஆடுவார். வெளிச்சத்துக்கு எமர்ஜென்சி லாம்ப் வேண்டாம். அதுல முப்பது நாப்பது எல்.இ.டி இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு நிழல் போடும், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கலங்கிரும். போன் டார்ச்ல வெளிச்சம் ஒரே புள்ளியில இருந்து வரும், நிழல் வெட்டுனாப்ல விழும். திரையில இருந்து நாலு அடி தள்ளி வைங்க. மெழுகுவத்தியோ மண்ணெண்ணெய் விளக்கோ துணிக்குப் பக்கத்துல கொண்டு போகவே கூடாது.

பாவைக்குச் சட்டை வாங்குன பெட்டி அட்டை போதும், ஒரு சாண் உயரம். பிடிக்கிறதுக்கு ஈர்க்கில் ரெண்டு: ஒண்ணு முதுகுல, ஒண்ணு கையில. கை அசையணும்னா தோள்ல ஊசியால துளை போட்டு நூல் கோத்து ரெண்டு பக்கமும் முடிச்சு. இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. முடிச்சை இறுக்கிப் போட்டா கை தூக்குன இடத்துலயே நிக்கும். ஒரு அரிசி மணி கனம் இடைவெளி விட்டு முடிங்க, கை தானா கீழ விழும். பாருங்க, இப்படி. நிழலைப் பெருசாக்கணும்னா பாவையைத் திரையை விட்டு விளக்குப் பக்கம் இழுங்க, பெருசாகும், ஓரமும் கலங்கும். ராட்சசன் வரும்போது அது நல்லாவே இருக்கும். மத்த பாவை எல்லாம் திரையை ஒட்டியே இருக்கணும். கல்யாணப் பத்திரிகையில வர்ற கலர் கண்ணாடிக் காகிதம் இருந்தா சேலைக்கு ஓட்டை வெட்டி ஒட்டுங்க, கலர் நிழல் விழும்.

விளக்கை அணைச்சாச்சு. இப்ப மூக்கு ஆட்டம், மோந்து பார்த்தே எதுன்னு சொல்லணும். அஞ்சு சிரட்டையில நல்லமிளகு, சுக்கு, ஏலக்காய், காப்பித்தூள், கிராம்பு. கிராம்பு நம்ம மலைச் சரக்கு, கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கு. லேசா இடிச்சு வச்சாத்தான் மணம் கிளம்பும். கிராம்பைக் கடைசியில கொடுங்க, முதல்ல கொடுத்தா அதுக்கப்புறம் ஏலக்காயும் கிராம்பாத்தான் தெரியும். அஞ்சுக்கு மேல போகாதீங்க, மூக்கு களைச்சுரும்.

பாட்டுக்குப் பாட்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்க முட்டுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பாட்டு 'ன்'லயும் 'ள்'லயும் முடியும், அந்த எழுத்துல தமிழ்ல சொல்லே தொடங்காது. அதனால கடைசி எழுத்து ஒற்றா இருந்தா, அதுக்கு முந்தின எழுத்தை எடுக்கணும்னு முதல்லயே பேசிக்கோங்க. 'வந்தான்'னு முடிஞ்சா 'தா'. ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் நிக்காது. விடுகதைக்குப் பாட்டாவை விடுங்க. "வெள்ளை மாடு வாலால தண்ணி குடிக்கும், அது என்ன?" விளக்குத் திரின்னு சொல்றதுக்குள்ள நாலு பிள்ளை நாலு பதில் சொல்லும். அப்புறம் பிள்ளைங்களையே வீட்டுல உள்ள ஒரு பொருளுக்கு மூணு துப்பு வச்சு விடுகதை கட்டச் சொல்லுங்க.

பெரியவங்களுக்கு ரேடியோ. ரெண்டு பென்சில் பேட்டரிக் கட்டை போடுற சின்ன ரேடியோ நாலு நாளும் தாராளமா பாடும். நாகர்கோவில் வானொலி எஃப்.எம் 101-ல. போன்ல எஃப்.எம் கேட்கணும்னா வயர் ஹெட்செட் சொருகணும், அந்த வயர்தான் ஏரியல். வயர் இல்லாத இயர்போன் வச்சு முயற்சி பண்ணி எடுக்கலன்னு சொல்லாதீங்க.

கரண்ட் வந்துட்டா எல்லாரும் டிவிக்கு ஓடுவாங்க. அதுக்கு முன்னாடி முத்து, தாயக்கட்டை, பாவை எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு மூடுங்க. பாவையைத் தட்டையா வைங்க, சுருட்டுனா அட்டை மடிஞ்சு அடுத்த தடவை நிழல் கோணும். ரேடியோவுல இருக்கிற பேட்டரிக் கட்டையைக் கழட்டித் தனியா வைங்க. உள்ளயே விட்டா ஆறு மாசத்துல கசிஞ்சு ஸ்பிரிங்கைப் பச்சை பிடிக்க வச்சிரும்.