கொக்கு தலையில் வெண்ணெய்

(புதுச்சேரி வில்லியனூரில், பறவை நடை முடிந்த அன்று மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிப் பெருமக்களே, சட்டமன்ற உறுப்பினர் இரண்டு கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் சார்பில் வந்திருக்கும் அண்ணன் அவர்களே, தாய்மார்களே, விடியற்காலையிலேயே எழுந்து வந்த பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை இந்த மார்கழிப் பனியில் நடந்த பிள்ளைகளுக்குப் போர்த்தியிருக்கலாம். சரி, பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள்.

கிராமம், காடு, ஏரி என்று மூன்று தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கொக்கு தலையில் வெண்ணெயை வைத்து, அது உருகிக் கண்ணை மறைத்ததும் பிடிக்கலாம் என்று காத்திருந்தானாம் ஒருவன். வெண்ணெய் வைக்கப் போனபோதே பிடித்திருக்கலாமே! இந்தப் பழமொழியை நான் எங்கே போனாலும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பூத்துறைப் பக்கத்து ஊர் ஒன்றின் வழியாகத்தான் நடந்தோம். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, தலையில் தொப்பி. டீக்கடையில் ஒருவர் எங்களைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் நான்கு இளநீர்! "ஐயா, முதல்ல குடிங்க, அப்புறம் பேசலாம்" என்றார். குடித்தோம். "எங்க தாத்தா காலத்துலேர்ந்தே அந்தச் சுவரு அங்கதான் இருக்கு, பட்டா இருக்கு" என்றார். எந்தச் சுவர் என்று யாரும் கேட்கவில்லை. "வேணும்னா ரெண்டடி உள்ள தள்ளிக்கிறேன்" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, எதுவரைக்கும் போகிறார் பார்ப்போம் என்று. "சரி, மூணடி!" அதற்குள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "யோவ், அவங்க குருவி பாக்க வந்தவங்கய்யா" என்றார். இளநீர் தந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆறு மணிக்கு என்ன குருவி?" என்றார். என் பக்கத்தில் நின்ற பையன் சட்டென்று சொன்னான்: "ஆறுமணிக்குருவி!"

சிரிக்காதீர்கள், அப்படி ஒரு பறவை நிஜமாகவே இருக்கிறது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூவும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் நம் பக்கம் வரும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு. காலடியில் இலைச்சருகு இருந்தால்தான் அதற்குப் புழு பூச்சி கிடைக்கும். நம் பக்கத்து ஆரோவில் நகரம் 1968-இல் தொடங்கியபோது அந்த இடம் பெரும்பாலும் செம்மண் பொட்டல். இன்று அங்கே சருகு மூடிய காடு இருக்கிறது. காட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சுவர் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தச் சுவர் நிற்பது ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கரைமேல். ஊசுட்டேரி ஏறத்தாழ 800 ஹெக்டேர். பாதி நம் புதுச்சேரிக்கு, மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கு. நம் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தமிழ்நாடும் தன் பங்கை அறிவித்தது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணியின் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கே வெகு தொலைவிலிருந்து பறந்து வந்து, இங்கே தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி மேய்கின்றன. அதற்கு ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். உள்ளானுக்குச் சேறு வேண்டும். கூழைக்கடாவுக்கு மீன் உள்ள திறந்த நீர் வேண்டும். ஒரே ஏரியில் இத்தனையும் அமைவது ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தது.

நாம் என்ன செய்கிறோம்? கரையில் பறவைப் படம் போட்ட பலகை வைக்கிறோம். செல்ஃபி எடுக்க மேடை கட்டுகிறோம். படகு விடலாமா என்று கூட்டம் போடுகிறோம். வாய்க்காலில் கோழிக்கழிவு மூட்டை மிதக்கிறது. கொக்கு தலையில் வெண்ணெய்தான், வேறென்ன! அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. வந்திருக்கிறார்களே, அதுவே பெரிது. ஆனால் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. ஆசியா முழுக்க 1987-இலிருந்து நடப்பது. பறவையை எண்ணும் அதே வாரத்தில் வாய்க்காலையும் அளந்துவிடுங்கள் என்கிறேன். இரண்டு அரசும் சேர்ந்து அளந்து, இரு கரையிலும் எல்லைக்கல் நட வேண்டும். மூன்றடி தள்ளிக்கொள்ள ஒருவர் தயாராகவே இருக்கிறார், இளநீரும் தருவார்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், முடித்துக்கொள்கிறேன். கோரிக்கை மனு வாசலோரம் மேசைமேல் இருக்கிறது. அண்ணன் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் பெயரோடு ஊரையும் எழுதுங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.