கடை ஊழியரின் ஒரு மணி நேரம்: ஓய்வு இடைவேளைக்கான சட்டக் கணக்கு

தோழர்களே, சகோதரிகளே!

இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்பவர்கள். சாப்பாட்டு நேரம் எவ்வளவு என்று உங்களைக் கேட்டால் இருபது நிமிடம், அரை மணி, கூட்டத்தைப் பொறுத்து என்று ஆளுக்கொரு பதில் வரும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 தரும் பதில் ஒன்றுதான்: ஒரு மணி நேரம். சட்டத்தின் 9ஆவது பிரிவைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு இடைவேளை தராமல் எந்த ஊழியரையும் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வைக்கக் கூடாது, செய்ய அனுமதிக்கவும் கூடாது. அலுவலகங்கள் போன்ற மற்ற நிறுவனங்களுக்கு இதே விதி 14ஆவது பிரிவில் இருக்கிறது. உணவகங்களுக்கு மட்டும் 1958ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. இன்று அதற்குள் போகவில்லை.

"அனுமதிக்கவும் கூடாது" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "நாங்கள் போகச் சொன்னோம், அந்தப் பெண்தான் வியாபாரத்தை விட்டுப் போகமாட்டேன் என்றது" என்று முதலாளி சொன்னாலும் அது பதிலாகாது. ஊழியரே விரும்பி நின்றாலும், நிற்க விட்டது நிர்வாகத்தின் குற்றம். எனவே "எனக்கு இடைவேளை வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டாலும், அந்தத் தாள் நிர்வாகத்தின் பொறுப்பைத் துடைத்துவிடாது.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். காலை 9.30க்கு வேலை தொடங்கினால் நான்கு மணி நேரம் 1.30க்கு முடிகிறது. அதற்குள் உங்கள் இடைவேளை வந்திருக்க வேண்டும். முகூர்த்தக் கூட்டம் குறையட்டும் என்று மூன்று மணிக்கு அனுப்பினால், ஒரு மணி நேரம் முழுசாகவே கொடுத்தாலும், 1.30 மணிக்கே சட்டம் மீறப்பட்டுவிட்டது. இந்தக் கணக்கு கடை திறக்கும் நேரத்திலிருந்து ஓடுவதில்லை, ஒவ்வோர் ஊழியரும் வேலையைத் தொடங்கிய நேரத்திலிருந்து ஓடுகிறது. கடை திறப்பதற்கு முன் கூட்டுவது, பொம்மைகளுக்குப் புடவை கட்டுவது, சரக்கு இறக்குவது எல்லாம் வேலைதான். அவையும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் அடக்கம்.

பல கடைகளில் நடப்பது வேறு மாதிரி. காலையில் டீக்குக் கால் மணி, சாப்பாட்டுக்கு அரை மணி, சாயங்காலம் கால் மணி. கூட்டினால் ஒரு மணி வந்துவிட்டதே என்கிறார்கள். சட்டம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவேளை என்கிறது. துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டுக் கூட்டிக் காட்ட அதில் இடமில்லை. இடைவேளைக்குப் பதிலாக மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புவதும் செல்லாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே "வாடிக்கையாளர் வந்திருக்கிறார், இரண்டு சேலை எடுத்துப் போட்டுவிட்டுப் போம்மா" என்று கூப்பிட்டால் அந்த நிமிடத்தில் ஓய்வு அறுந்துபோகிறது. விரல்ரேகை இயந்திரம் தானாகவே தினமும் ஒரு மணி நேரத்தை இடைவேளை என்று கழித்துக்கொண்டிருக்கும் கடைகளில் இன்னும் கவனமாக இருங்கள். நீங்கள் எடுக்காத ஓய்வை எடுத்ததாக அது உங்கள் பெயரில் பதிந்துகொண்டிருக்கும்.

இந்த ஒரு மணி நேரம் மற்ற வரம்புகளோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் முழுப்படம் தெரியும். வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. இடைவேளை இந்த எட்டில் சேராது. கூடுதல் நேரம் பார்க்க வைத்தால் அதையும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்பதே உச்சம். நீங்கள் கடைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை, ஓய்வையும் சேர்த்து, 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்கிறது 10ஆவது பிரிவு. காலை 9.30 முதல் இரவு 9.30 வரை ஒரே ஆளை வைத்திருக்கும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் ஒரு மணி சாப்பாடு போனால் பதினொரு மணி வேலை. பத்து என்ற உச்சத்தை அது தாண்டிவிட்டது! ஆக, அந்தக் கடை கூடுதல் நேரச் சம்பளமே கொடுத்தாலும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓய்வு தந்தாக வேண்டும். கூடுதல் நேரம் இல்லாமல் எட்டு மணி மட்டும் என்றால் நான்கு மணி நேரம் ஓய்வு வரும். இப்படி வைத்திருக்கும் கடை எத்தனை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஷிப்டு பிரித்து ஆள் போடாமல் இந்தச் சட்டத்தை மதிக்கவே முடியாது. மீறலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பறிபோன இடைவேளைக்குப் பண மதிப்பும் உண்டு. ஓய்வாகக் கிடைக்க வேண்டிய அரை மணியில் உங்களை வேலை வாங்கினால், எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் அந்த அரை மணி கூடுதல் நேரம். அதற்கு 31ஆவது பிரிவின்படி இரட்டைச் சம்பளம். கணக்குப் புரிவதற்காக மாதம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 600, எட்டால் வகுத்தால் மணிக்கு 75, இரட்டிப்பாக 150. அரை மணிக்கு 75 ரூபாய். மாதம் 26 நாளும் இப்படிப் போனால் 1,950 ரூபாய். உங்கள் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு ஓசையில்லாமல் போகிறது.

தீபாவளி நேரத்தில் "இது சீசன், சட்டம் பார்க்க முடியாது" என்பார்கள். விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு, அதுவும் அறிவிக்கை வழியாக. அறிவிக்கையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதைக் காட்டி, புடவை மடிக்கிற பெண்ணின் சட்டையில் "மேனேஜர்" என்று வில்லை குத்திவிடுவதும் நடக்கிறது. ஒருவர் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும், வில்லையை அல்ல.

இடைவேளை ஒரு பக்கம், உட்காரும் உரிமை இன்னொரு பக்கம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் நம் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தது. வேலை நேரத்திலேயே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. நாற்காலி போட்டிருக்கிறோம், அதனால் இடைவேளை தேவையில்லை என்று சொல்ல முடியாது. கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தனியாக உண்டு. மகப்பேறு நலச் சட்டம், 1961 தந்த இந்த உரிமை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆவது பிரிவு, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், வேலைச் சூழல் பற்றிய புதிய சட்டத் தொகுப்பு, இடைவேளை எவ்வளவு என்பதை அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றமோ சட்டமன்றமோ வேண்டும், அறிவிக்கைக்கு வேண்டியதில்லை. இதைச் சங்கங்கள் விழிப்போடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம் என்பதால் அந்த ஒரு மணி நேரம் அப்படியே நிற்கிறது.

சரி, என்ன செய்வது? ஒரு குறிப்பேடு வாங்குங்கள். தினமும் நான்கு நேரங்களை எழுதுங்கள்: வேலை தொடங்கியது, ஓய்வுக்குப் போனது, திரும்பியது, வெளியேறியது. நடுவில் கூப்பிட்டால் யார் கூப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள். அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் அதன் மதிப்புப் போய்விடும். கைபேசியில் வந்த ஷிப்டு செய்திகளை அழிக்காதீர்கள். இரண்டு மாதப் பதிவு சேர்ந்ததும், முடிந்தால் நான்கைந்து பேராகச் சேர்ந்து, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் ஆய்வாளருக்குப் பிடி கிடைக்காது. எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இடைவேளையின்றி நின்றீர்கள் என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்று 41ஆவது பிரிவு தடுக்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி தருகிறது. மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, யார் போனார்கள், என்ன அறிக்கை எழுதினார்கள் என்று. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்; அதற்குக் கெடு 30 நாள்.